சஸ்பெண்ட் ஆனால் சம்பளம் என்ன ஆகும்? ஆர்டர் வாங்கிய நாள் முதல் டிஸ்மிஸ் வரை

சஸ்பென்ஷன் ஆர்டர் கையில் வந்ததும் பெரும்பாலானவர்கள் செய்வது, தான் தப்பே செய்யவில்லை என்று சூப்பர்வைசரிடமும் எச்ஆரிடமும் வீட்டிலும் மாறி மாறி விளக்கிக்கொண்டிருப்பதுதான். மனசு அப்படித்தான் ஓடும். ஆனால் அந்த விளக்கத்துக்கு உரிய இடம் என்கொயரி, அதாவது கம்பெனி உங்கள் மேல் நடத்தும் விசாரணை. சம்பளம் வேறு விஷயம். நீங்கள் குற்றம் செய்தீர்களா இல்லையா என்பது முடிவாகும் முன்பே, சஸ்பெண்டில் இருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் உங்களுக்குப் பிழைப்பூதியம், அதாவது பிழைப்புக்காகச் சம்பளத்தில் ஒரு பங்கு, உண்டு. அதை எழுத்தில் கேட்காமல் விட்டவர்கள் ஆறு மாதம் கழித்து வந்து, கையில் ஒரு துண்டுக் காகிதம் கூட இல்லாமல் உட்கார்ந்திருப்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகு எழுதுகிறேன்.

இது தமிழ்நாட்டில் தனியார் கம்பெனி, மில், கடை, அலுவலகம் ஆகியவற்றில் வேலை செய்கிறவர்களுக்கானது. அரசு ஊழியர்களுக்கு அடிப்படை விதி 53 என்று தனி வழி இருக்கிறது, அதை இங்கே தொடவில்லை.

1. எந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும் என்று முதலில் பாருங்கள்

தமிழ்நாட்டில் இதற்கென்றே 1981-ஆம் ஆண்டு பிழைப்பூதியச் சட்டம் இருக்கிறது. என்கொயரியை முன்னிட்டு சஸ்பெண்ட் செய்யப்பட்டவருக்கு முதல் 90 நாளுக்குச் சம்பளத்தில் 50 சதவீதம், 90 தாண்டி 180 நாள் வரை 75 சதவீதம், 180 நாளுக்கு மேல் போனால் முழுச் சம்பளம். என்கொயரி இழுத்துக்கொண்டு போவதற்கு ஊழியரே நேரடிக் காரணம் என்றால் மட்டும் 90 நாளுக்குப் பிறகும் 50 சதவீதத்திலேயே நிற்கும்.

மத்திய சட்டம் வேறு விகிதம் சொல்கிறது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் முதல் 90 நாள் 50 சதவீதம், அதற்குப் பிறகு 75 சதவீதம், அவ்வளவுதான். அதோடு இதைச் சொல்லும் அத்தியாயம் 300 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு. எச்ஆர் ஆட்கள் பல நேரம் இந்த மத்திய விகிதத்தை மட்டும் காட்டி, 75-க்கு மேல் கிடையாது என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அந்தத் தொகுப்பு ரத்து செய்தது பழைய மத்தியச் சட்டங்கள் மூன்றை. தமிழ்நாட்டின் 1981 சட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் கேட்கும்போது மாநிலச் சட்டத்தின் விகிதத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

மேனேஜர் என்ற பதவிப் பெயர் இருப்பதாலேயே உங்களுக்கு எதுவும் இல்லை என்று ஒதுங்கிவிடாதீர்கள். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் இந்தச் சட்டங்களுக்கு வெளியே போகிறார்கள் என்பது உண்மைதான், ஆனால் பார்க்கப்படுவது நீங்கள் அன்றாடம் செய்த வேலை. லீவு அனுமதிக்கும் அதிகாரம், ஆள் எடுக்கும் அதிகாரம் எதுவும் இல்லாமல் பில் போட்டும் ஸ்டாக் எண்ணியும் கொண்டிருந்தவரை மேனேஜர் என்று அழைத்ததால் மட்டும் அவர் மேனேஜர் ஆகிவிட மாட்டார். நீங்கள் அனுப்பிய மெயில், கையெழுத்து போட்ட ரிஜிஸ்டர், இவற்றை வைத்துத்தான் அது நிரூபணமாகும்.

2. காகிதங்களைச் சேர்த்து வையுங்கள், முதல் வாரத்திலேயே

ஏன் முதல் வாரம்? கம்பெனி மெயில், பே ஸ்லிப் போர்ட்டல், வாட்ஸ்அப் குழு எல்லாம் ஒன்றொன்றாக மூடப்படும். பிறகு கேட்டால் கிடைக்காது.

வேண்டியவை: நியமன ஆர்டர், கடைசி 12 மாதப் பே ஸ்லிப், சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கின் ஸ்டேட்மென்ட், சஸ்பென்ஷன் ஆர்டர், அது உங்கள் கைக்கு வந்த விதத்தைக் காட்டும் தபால் உறை, இதுவரை வந்த மெமோக்கள், கம்பெனியின் வேலை விதிகளான நிலையாணையின் பிரதி. நிலையாணை கிடைக்கவில்லை என்றால் எழுத்தில் கேளுங்கள், கேட்டதற்கான சான்றே பின்னால் உதவும். ஒன்றில் மட்டும் கவனம்: உங்கள் சம்பளம், உங்கள் வேலை சம்பந்தப்பட்டவற்றை மட்டும் எடுங்கள். வாடிக்கையாளர் பட்டியல், விலை விவரம் என்று அள்ளிக்கொண்டு வந்தால் அதுவே இன்னொரு சார்ஜ் ஷீட் ஆகிவிடும்.

3. ஆர்டரை நிதானமாக வாசியுங்கள்

மூன்று விஷயம் தேடுங்கள். சஸ்பென்ஷன் எந்தத் தேதியிலிருந்து? அது என்கொயரி முடியும்வரையா, இல்லை தண்டனையா? எந்த நிலையாணைப் பிரிவின் கீழ், அல்லது வேலை ஒப்பந்தத்தின் எந்த விதியின் கீழ்?

மூன்றாவதைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். நிலையாணையிலும் இல்லை, ஒப்பந்தத்திலும் இல்லை, சட்டத்திலும் இல்லை, சஸ்பெண்ட் செய்யும் அதிகாரமே முதலாளிக்கு எங்கும் தரப்படவில்லை என்றால் அவர் உங்களை வேலைக்கு வராதே என்று சொல்லலாமே தவிர சம்பளத்தைக் குறைக்க முடியாது, முழுச் சம்பளமும் தர வேண்டும். ஹோட்டல் இம்பீரியல் வழக்கில் 1959-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. சிறிய நிறுவனங்களில் இது அடிக்கடி பொருந்தும், ஏனென்றால் அங்கே நிலையாணை இருக்காது, நியமன ஆர்டரும் அரைப் பக்கத்தில் முடிந்திருக்கும்.

வாய்மொழியாக 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்றால்? மறுநாளே ஒரு கடிதம் அனுப்புங்கள்: இன்ன தேதியில் இன்ன பொறுப்பில் உள்ளவர் என்னை வர வேண்டாம் என்றார், நான் வேலை செய்யத் தயாராக இருக்கிறேன், எழுத்தில் உத்தரவு தரவும். இதைச் செய்யாவிட்டால் ஒரு மாதம் கழித்து 'தகவல் இல்லாமல் வேலைக்கு வரவில்லை' என்று ஒரு நோட்டீஸ் வரும், அப்போது சஸ்பென்ஷன் என்று நீங்கள் சொல்வதற்கு ஆதாரமே இருக்காது.

4. கணக்குப் போடுங்கள்

இங்கேதான் பணம் அதிகம் நழுவுகிறது. கம்பெனி முதல் மாதம் பாதி போட்டுவிட்டு அதே பாதியையே தொடர்ந்து போட்டுக்கொண்டிருக்கும், ஊழியரும் ஏதோ வருகிறதே என்று இருந்துவிடுவார்.

ஒரு உதாரணம். கணக்குக்கு எடுக்க வேண்டிய மாதச் சம்பளம் 20,000 ரூபாய், சஸ்பென்ஷன் 8 மாதம் ஓடியது, தாமதத்துக்கு ஊழியர் காரணம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் 90 நாள், அதாவது மூன்று மாதம், 10,000 வீதம் 30,000. அடுத்த 90 நாள் 15,000 வீதம் 45,000. மீதி இரண்டு மாதம் முழுதாக 40,000. மொத்தம் 1,15,000. கம்பெனி எட்டு மாதமும் பாதியே தந்திருந்தால் வந்தது 80,000. விடுபட்டது 35,000 ரூபாய். நிஜக் கணக்கை மாதமாகப் போடாமல் நாளாகப் போடுங்கள், 90-ஆவது நாள் மாத நடுவில்தான் வரும்.

அடுத்த கேள்வி, எது 'சம்பளம்'? பேசிக் மட்டும் என்று கம்பெனி சொன்னால் அப்படியே ஏற்க வேண்டாம். பஞ்சப்படியும் சேரும். புதிய சட்டத் தொகுப்புகளின் வரையறையில் இன்னொன்றும் இருக்கிறது: வீட்டு வாடகைப்படி, பயணப்படி மாதிரி விலக்கப்பட்ட படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை மறுபடி சம்பளத்தில் சேர்க்கப்படும். மொத்தம் 24,000, அதில் பேசிக்கும் பஞ்சப்படியும் 9,000, படிகள் 15,000 என்றால், பாதியான 12,000-ஐத் தாண்டிய 3,000 சம்பளத்தில் சேர்ந்து அது 12,000 ஆகிறது. பேசிக்கைச் சிறிதாகவும் படிகளைப் பெரிதாகவும் பிரித்து வைத்திருக்கும் பே ஸ்லிப்பில் இது நல்ல வித்தியாசம் தரும்.

இஎஸ்ஐ-யில் இருப்பவர்களுக்கு: பிழைப்பூதியமும் இஎஸ்ஐ சட்டப்படி ஊதியம்தான் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் அதிலிருந்து பங்களிப்பு பிடித்தால் சண்டை போட வேண்டாம், மருத்துவ வசதி தொடர்வதற்கு அதுதான் வழி.

5. மாதம் ஒரு கடிதம், தவறாமல்

மாதக் கடைசியில் ஒரு பக்கக் கடிதம் போதும். இப்படி எழுதலாம்:

'இன்ன தேதியிட்ட உத்தரவுப்படி நான் தற்காலிகப் பணிநீக்கத்தில் இருந்துவருகிறேன். இன்ன மாதத்துக்கு உரிய பிழைப்பூதியத்தை 1981-ஆம் ஆண்டு தமிழ்நாடு சட்டத்தின்படி என் வங்கிக் கணக்கில் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். இந்த மாதத்தில் நான் வேறு எந்த வேலையிலும் சேரவில்லை.'

கடைசி வரி முக்கியம். சஸ்பென்ஷன் காலத்தில் வேறு வேலைக்குப் போனவருக்குப் பிழைப்பூதியம் கிடையாது. அந்த உறுதிமொழி வரவில்லை என்பதையே காரணமாகக் காட்டி நிறுத்தி வைக்கிறார்கள், அந்தக் காரணத்தை நாமே எதற்குக் கொடுக்க வேண்டும்?

ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதையும் டெலிவரி ஆன விவரத்தின் பிரின்ட்டையும் கடிதப் பிரதியோடு குத்தி வையுங்கள். மெயிலிலும் ஒன்று அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் பிரதியில் சீலும் தேதியும் வாங்காமல் வராதீர்கள்.

கையில் பணம் தருகிறேன், வவுச்சரில் கையெழுத்து போடு என்றால் வவுச்சரில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'முழுப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்' என்று இருந்தால் அதை அடித்துவிட்டு, எந்த மாதத்துக்கு, எவ்வளவு என்று எழுதிய பிறகே கையெழுத்து.

6. என்கொயரித் தேதிகளுக்கு ஒரு நோட்டு போடுங்கள்

பிழைப்பூதிய விகிதம் 75-க்கும் 100-க்கும் ஏறுவது, தாமதம் யாரால் என்பதைப் பொறுத்தது. அதனால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் நோட்டில் நான்கு விவரம்: தேதி, யார் வந்தார்கள், என்ன நடந்தது, ஒத்திவைக்கச் சொன்னது யார். என்கொயரி அதிகாரி வரவில்லை, கம்பெனி சாட்சி வரவில்லை, ஆவணம் தரவில்லை என்றால் அன்றைய நடவடிக்கைக் குறிப்பிலேயே அதை எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அன்று மாலையே கடிதமாக அனுப்புங்கள்.

நீங்களே வாய்தா கேட்க வேண்டி வந்தால் கேளுங்கள், அது தப்பில்லை. உடம்பு சரியில்லை என்றால் மருத்துவச் சான்றோடு, ஆவணம் படிக்க நேரம் வேண்டும் என்றால் எத்தனை பக்கம் எப்போது வந்தது என்ற விவரத்தோடு. காரணம் சொல்லாமல் மூன்று முறை போகாமல் இருந்தவர்களின் விகிதம் 50-லேயே நின்றுபோனதைத்தான் அதிகம் பார்க்கிறேன், பெரும்பாலும் அவர்கள் கோபத்தில் அப்படிச் செய்தவர்கள்.

7. பணம் வரவில்லை என்றால்

முதலில் பாக்கித் தொகையை ரூபாய்க் கணக்கில் எழுதி ஒரு கடிதம், 15 நாள் கெடு. 'பிழைப்பூதியம் தரவில்லை' என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்த மாதம், எத்தனை நாள், எத்தனை சதவீதம், எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி என்று ஒரு சின்ன அட்டவணையாகப் போடுங்கள். அதே அட்டவணைதான் பிறகு தொழிலாளர் துறை மனுவிலும் லேபர் கோர்ட்டிலும் போகப்போகிறது.

அந்தக் கடிதத்திலேயே இன்னொரு வரி சேருங்கள்: பிழைப்பூதியம் தராததால் என்கொயரிக்கு வந்துபோகவும் உதவியாளரை அழைத்து வரவும் வழியில்லாமல் இருக்கிறேன். உண்மையில் அப்படி இருந்தால் மட்டும். கோலார் தங்கச் சுரங்க நிறுவனத்தில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்த கேப்டன் பால் அந்தோணியின் வழக்கு இதற்கு அடிப்படை. சஸ்பெண்டில் இருந்த அவருக்குப் பிழைப்பூதியம் தரப்படவில்லை, கேரளாவிலிருந்து என்கொயரிக்கு வர அவரிடம் பணம் இல்லை, அவர் இல்லாமலேயே என்கொயரியை முடித்து டிஸ்மிஸ் செய்துவிட்டார்கள். 1999-ல் உச்ச நீதிமன்றம் அந்த ஒருதலைப்பட்ச என்கொயரி செல்லாது என்றது. ஆனால் பணம் வராத ஒரே காரணத்தால் எந்த என்கொயரியும் தானாகச் செல்லாததாகிவிடாது, அதனால் உங்களால் கலந்துகொள்ள முடியாமல் போனது என்று காட்ட வேண்டும். அதனால் போக முடிகிற இடத்தில் என்கொயரி நடந்தால், எதிர்ப்பை எழுத்தில் பதிந்துவிட்டுப் போய்க் கலந்துகொள்ளுங்கள்.

கெடு முடிந்தும் வரவில்லை என்றால் உங்கள் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு. எழுதத் தெரியாது என்று தயங்க வேண்டாம், மேலே சொன்ன அட்டவணையும் கடிதப் பிரதிகளும் இருந்தால் மனு இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும்.

8. இந்தக் கட்டத்தில் ராஜினாமா எழுதிக் கொடுக்காதீர்கள்

'டிஸ்மிஸ் என்று போனால் அடுத்த வேலை கிடைக்காது, நீயே எழுதிக் கொடுத்துவிடு, செட்டில்மென்ட் பார்த்துத் தருகிறோம்' என்று அன்பாகவே சொல்வார்கள். சிலருக்கு அது சரியான முடிவாகவும் இருக்கலாம். ஆனால் தொகையும் தேதியும் எழுத்தில் வரும் முன் ராஜினாமாவில் கையெழுத்து போட்டால், அந்த நாளோடு பிழைப்பூதியமும் நிற்கும், வேலையைத் திரும்பக் கேட்கும் உரிமையும் கிட்டத்தட்டப் போய்விடும். தேதி போடாத ராஜினாமா, வெள்ளைத் தாளில் கையெழுத்து, இவற்றை எந்த நிலையிலும் கொடுக்காதீர்கள்.

9. என்கொயரி முடிந்ததும் சஸ்பென்ஷன் காலத்துக்கு என்ன?

குற்றம் நிரூபணமாகவில்லை என்றால் அந்தக் காலம் முழுதும் வேலையில் இருந்ததாகக் கருதி, வாங்கிய பிழைப்பூதியத்தைக் கழித்து மீதிச் சம்பளம் வர வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் விடுவது அடுத்தது: மத்திய அரசின் பழைய மாதிரி நிலையாணைப்படி அபராதம், இன்கிரிமென்ட் நிறுத்தம், பதவி இறக்கம் போன்ற தண்டனை தந்தாலும் சஸ்பென்ஷன் காலம் வேலை செய்த காலமாகவே கருதப்படும், மீதிச் சம்பளம் உண்டு. தண்டனையாக சஸ்பென்ஷனே தந்தால் அது 4 நாளுக்கு மேல் போகாது, மற்ற நாட்களுக்குச் சம்பளம் தர வேண்டும். பல நிலையாணைகள் இதே அச்சில் எழுதப்பட்டவை, உங்களுடையதில் இந்தப் பத்தி இருக்கிறதா என்று தேடுங்கள்.

டிஸ்மிஸ் என்றால் அந்தக் காலத்துக்கு மீதிச் சம்பளம் இல்லை. ஆனால் ஏற்கனவே தந்த பிழைப்பூதியத்தைத் திரும்பக் கேட்க முடியாது. ஃபைனல் செட்டில்மென்ட்டில் அதைப் பிடித்திருந்தால் எதிர்த்து எழுதுங்கள். அதேபோல் டிஸ்மிஸ் தேதி வரை தர வேண்டிய பிழைப்பூதியப் பாக்கியும் செத்துப்போவதில்லை.

10. டிஸ்மிஸ் ஆனவருக்கும் வர வேண்டிய பணம்

டிஸ்மிஸ் என்றால் எல்லாம் போச்சு என்று நினைத்துத்தான் பலரும் கேட்காமலே போகிறார்கள்.

சம்பளப் பாக்கி: ஊதியச் சட்டத் தொகுப்புப்படி வேலையை விட்டு நீக்கிய 2 வேலை நாளுக்குள் தர வேண்டும். நோ டியூ கையெழுத்து வரட்டும், அடுத்த மாதச் சம்பள நாளில் பார்க்கலாம் என்பதெல்லாம் கம்பெனி வழக்கம், சட்டம் அல்ல.

ஈட்டிய விடுப்பு: தொழிற்சாலைத் தொழிலாளிக்கு டிஸ்மிஸ் ஆனாலும் மீதி ஈட்டிய விடுப்புக்கான சம்பளம் உண்டு.

பிஎஃப்: உங்கள் பங்கிலும் கம்பெனி பங்கிலும் கம்பெனி கைவைக்க முடியாது. வெளியேறிய தேதியைக் கம்பெனி பதிவு செய்யாமல் இழுத்தடித்தால், கடைசிப் பங்களிப்புக்கு 2 மாதம் கழித்து நீங்களே பிஎஃப்-பின் யுஏஎன் போர்ட்டலில் பதிந்துகொள்ளலாம்.

கிராஜுவிட்டி (பணிக்கொடை): இதில்தான் தொகை பெரிது, ஏமாற்றமும் பெரிது. 5 வருடம் முடித்தவருக்குக் கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருட எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். சம்பளம் 13,000, பணி 12 வருடம் என்றால் 90,000 ரூபாய். ஒழுங்கு நடவடிக்கையில் டிஸ்மிஸ் ஆன ஒரே காரணத்தால் இது போகாது. கம்பெனி சொத்துக்கு நஷ்டம் விளைவித்ததற்காக நீக்கினால், அந்த நஷ்டத் தொகை அளவுக்கு மட்டும் பிடிக்கலாம். வன்முறை, கலவரம், அல்லது பணியின்போது செய்த ஒழுக்கக்கேடான குற்றம் என்றால் பகுதியாகவோ முழுதாகவோ பிடிக்கலாம், இதற்குக் கிரிமினல் கோர்ட்டில் தண்டனை ஆகியிருக்க வேண்டியதில்லை என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அடிக்கடி லேட்டாக வந்தார், லீவு போட்டார், மேலதிகாரியை எதிர்த்துப் பேசினார் என்பதற்காக டிஸ்மிஸ் ஆனவரின் கிராஜுவிட்டியை நிறுத்த இடமே இல்லை. தரவில்லை என்றால் தொழிலாளர் துறையில் கிராஜுவிட்டிக்குரிய அதிகாரியிடம் மனு போடலாம், தாமதத்துக்கு வட்டியும் உண்டு.

போனஸ்: மோசடி, திருட்டு, பணம் கையாடல், நாசவேலை, கம்பெனி வளாகத்தில் வன்முறை, பாலியல் துன்புறுத்தலுக்கான தண்டனை, இந்தக் காரணங்களில் டிஸ்மிஸ் ஆனால்தான் போனஸ் இல்லை.

நோட்டீஸ் சம்பளம்: கடை, அலுவலக ஊழியர்களுக்குத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆவது பிரிவு இருக்கிறது. 6 மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீஸும், அல்லது அதற்குரிய சம்பளமும் இல்லாமல் நீக்கக்கூடாது. என்கொயரி நடத்தி, அதில் பதிவான சாட்சியத்தால் குற்றம் நிரூபணமாகியிருந்தால் மட்டும் நோட்டீஸ் தேவையில்லை. என்கொயரியே நடத்தாமல் ஒரு மெயிலில் அனுப்பிவிட்டார்கள் என்றால் இந்த விலக்கு அவர்களுக்குக் கிடைக்காது.

பணம் தரும்போது 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற தாளை நீட்டுவார்கள். பணத்தை வாங்க மறுக்க வேண்டாம். 'என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல், எதிர்ப்புடன் பெற்றேன்' என்று கையால் எழுதிக் கையெழுத்து போடுங்கள். அப்படி எழுத விடவில்லை என்றால் கையெழுத்து போடாமல் வந்து, நிலுவையை வங்கிக் கணக்கில் போடச் சொல்லி அன்றே கடிதம் அனுப்புங்கள்.

11. டிஸ்மிஸையே எதிர்க்கப் போகிறீர்கள் என்றால் நாட்களை எண்ணுங்கள்

கடைகள் சட்டத்தின் 41-ஆவது பிரிவின்படி மேல்முறையீடு, ஆர்டர் கிடைத்த 30 நாளுக்குள். பழைய தொழில் தகராறுகள் சட்டத்தில் தனிப்பட்ட தொழிலாளி லேபர் கோர்ட் போக 3 வருட அவகாசம் இருந்தது, புதிய தொகுப்பில் அது 2 வருடம். 'மூணு வருஷம் இருக்கு' என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்களை நம்பி உட்கார வேண்டாம். முதலில் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் மனு, அங்கே முடியவில்லை என்றால் கோர்ட்.

மனுவில் இரண்டு வாக்கியம் விடுபடக்கூடாது. ஒன்று, மீண்டும் வேலையும், வேலையில்லாமல் இருந்த காலத்துக்கான பின்சம்பளமும் வேண்டும் என்ற கோரிக்கை. இரண்டு, டிஸ்மிஸ் ஆன நாளிலிருந்து வருமானம் தரும் வேலை எதுவும் கிடைக்கவில்லை என்ற கூற்று. நீக்கம் தவறு என்று முடிவானால் பின்சம்பளம் தருவதே பொதுவான விதி என்று தீபாலி குண்டு சுர்வாசே வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் வேலை இல்லாமல் இருந்தேன் என்று தொழிலாளி முதலில் சொல்லியாக வேண்டும். சொன்ன பிறகு, இல்லை, அவர் சம்பாதித்துக்கொண்டிருந்தார் என்று நிரூபிக்கும் பாரம் கம்பெனி மேல் போகிறது. பெட்டிக்கடையில் உட்கார்ந்தது, தெரிந்தவர் வண்டி ஓட்டியது என்று சின்ன வருமானம் இருந்தால் அதை மறைக்காமல் உள்ளபடியே எழுதுங்கள். குறுக்கு விசாரணையில் அது வெளியே வந்தால் மற்ற எல்லாப் பேச்சின் மீதும் சந்தேகம் விழும். வேலை தேடியதற்கான விண்ணப்பங்கள், வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு, மறுப்புக் கடிதங்கள் எல்லாவற்றையும் இரண்டாவது பகுதியில் சேர்த்த காகிதங்களோடு தேதி வாரியாக ஒரே ஃபைலில் போடுங்கள். வக்கீலைப் பார்க்கப் போகும்போது அந்த ஃபைலின் ஜெராக்ஸை மட்டும் கொடுங்கள், ஒரிஜினல் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.